கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு விவாதம்: கரையோர உயிர்காப்பு நிலையங்கள் எப்படி வந்தன?

கூடுதுறையான் (பவானி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. இந்தப் பகுதியில் நடுகல், கல்வெட்டு, பழைய வாய்க்கால் என்று நிறையப் பேசிவிட்டோம். இந்த முறை கொஞ்சம் தூரம் போகலாம் என்று ஆசை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் இருந்த உயிர்காப்பு நிலையங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க நம் காவிரிக்கரை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இங்கே போடுகிறேன்.

பாய்மரக் கப்பல் காலம். நியூயார்க் துறைமுகத்துக்கு ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வரிசையாக வரும். குளிர்காலப் புயலில் காற்று கரையைப் பார்த்து அடித்தால், கரைக்குச் சற்று முன்னால் இருக்கும் மணல் திட்டில் போய்க் கப்பல் தட்டி நின்றுவிடும். கரை கண்ணுக்குத் தெரியும். கரையில் நிற்பவர்களுக்குக் கப்பலில் இருப்பவர்கள் அலறுவது கேட்கும். நடுவில் சில நூறு கஜம்தான். அந்தச் சில நூறு கஜத்தில்தான் எல்லோரும் செத்தார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1789-இல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் 'அட்வெஞ்சர்' என்ற கப்பல் தட்டியபோது கரையில் கூட்டமாக நின்றவர்களால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகுதான், எந்த அலையிலும் கவிழாத படகுக்கு மாதிரி கொடுப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். 1790-இல் ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய உயிர்காப்புப் படகு சவுத் ஷீல்ட்ஸில் தண்ணீரில் இறங்கியது. 1824 மார்ச் 4-ஆம் தேதி, வில்லியம் ஹிலாரி என்பவர் விடாமல் எழுதியும் பேசியும் வந்ததன் பலனாக, லண்டனில் உயிர்காப்புக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் முதலில் மாசசூசெட்ஸில் ஒரு தர்ம சங்கம் கரையோரமாகக் குடிசைகள் போட்டது. கரையேறித் தப்பியவர்கள் குளிரில் விறைத்துச் சாகக்கூடாது என்பதற்காக. 1807-இல் கோஹாசெட்டில் ஒரு படகும் வைத்தார்கள். அரசாங்கம் உள்ளே வந்தது 1848-இல். நியூஜெர்சியைச் சேர்ந்த வில்லியம் நியூவெல் என்ற காங்கிரஸ் உறுப்பினர் போராடி 10,000 டாலர் வாங்கினார். அதில் எட்டு வீடுகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு படகு, கயிறு, கயிற்றை எறியும் சிறு பீரங்கி எல்லாம் வைத்துப் பூட்டினார்கள். சாவி பக்கத்து வீட்டுக்காரர் கையில்.

ஆள் மட்டும் கிடையாது! சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை. புயல் வந்தால் ஊர்க்காரர்கள் ஓடிவந்து திறந்து பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. சில இடங்களில் அது நடந்தது. 1850 ஜனவரியில் 'அயர்ஷயர்' கப்பலிலிருந்து 200 பேருக்கு மேல் பிழைத்தார்கள். பல இடங்களில் கயிறு மக்கியது, பீரங்கி துருப்பிடித்தது, சாமான்கள் காணாமல் போயின. ஒரு ஊரில் அந்தப் படகில் சுண்ணாம்புச் சாந்து குழைத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1854 ஏப்ரலில் நியூஜெர்சிக் கரையில் 'பவ்ஹாட்டன்' என்ற குடியேறிகள் கப்பல் உடைந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

1871-இல் சம்னர் கிம்பல் என்ற அதிகாரி பொறுப்புக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. முதல் காரியமாக எல்லா நிலையத்தையும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார். உதவாத ஆட்களை நீக்கினார். நிலையத்துக்கு ஒரு தலைவர், ஆறு படகு வீரர்கள், மாதச் சம்பளம், தினமும் பயிற்சி. 1878-இல் தனித் துறையாகவே ஆனது. 1915-இல் இன்னொரு துறையோடு இணைந்து கடலோரக் காவல் படையாக மாறும் வரைக்கும் கிம்பல்தான் தலைமை.

நான் கேட்பது இதுதான். அதே கரை, அதே புயல், அதே படகு. 1848-க்கும் 1871-க்கும் நடுவில் மாறியது கதவுக்குப் பின்னால் ஆள் இருந்ததா இல்லையா என்பது மட்டும்தானே? நம் ஆற்றங்கரைக்கு இதை வைத்துப் பார்க்கலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


தறிச்சத்தம் (பெருந்துறை) எழுதியது:

நல்ல தலைப்பு எடுத்தீங்க அண்ணா. எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய ஊர் நம் ஊர். 300 கஜம் என்பது பெரிய தூரமே இல்லை. கப்பலில் இருப்பவர்கள் மாலுமிகள். அவர்கள் ஏன் குதித்து நீந்தி வரவில்லை?


ராலே_ஈரோடு எழுதியது:

தம்பி, கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். நான் வட கரோலினாவில் இருக்கிறேன். அந்தக் கடலோரம் இங்கிருந்து காரில் போகிற தூரம்தான். டிசம்பரில் அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் மூச்சே அடைக்கும். இறங்கிய சில நிமிடத்தில் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. அப்புறம் அலை. ஒன்று தூக்கி அடித்தால் எழுந்திருப்பதற்குள் அடுத்தது. அதிலேயே உடைந்த பாய்மரத் துண்டுகளும் பலகைகளும் சேர்ந்து உருளும். அந்தக் காலத்து மாலுமிகளில் பலருக்கு நீச்சலே தெரியாது என்பது தனிக்கதை.

அதனால்தான் ஆளை நீந்த விடாமல், கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுவருகிற முறையைக் கண்டுபிடித்தார்கள். ரோடாந்தே என்ற ஊரில் 1874-இல் கட்டிய சிக்காமகாமிகோ நிலையம் இப்போது அருங்காட்சியகம். கோடையில் பழைய பயிற்சியை அப்படியே செய்து காட்டுவார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மரப்பெட்டி. அதன் அடித்தட்டில் வரிசையாக முளைகள் அடித்திருக்கும். மெல்லிய கயிற்றை அந்த முளைகளில் இப்படியும் அப்படியுமாகக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். சுடும் நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்து முளைத்தட்டை உருவிவிட்டால், கயிறு மட்டும் அடுக்குக் குலையாமல் நிற்கும். நூறு கஜம் பறந்தாலும் ஒரு சிக்கு விழாது. அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நம் தறிப்பட்டறையில் பாவு ஓட்டுகிறவர்களுக்கு அதன் அருமை உடனே புரியும்.

அடுத்து டேவிட் லைல் என்ற ராணுவ அதிகாரி 1870-களின் கடைசியில் வடிவமைத்த குட்டிப் பீரங்கி. வெண்கலக் குழல். அதிலிருந்து போகும் இரும்புக் குண்டின் வாலில் அந்தக் கயிறு கட்டியிருக்கும். காற்றைக் கணக்குப் பண்ணிக் கப்பலின் மேலாகச் சுட்டால் கயிறு பாய்மரக் கம்பங்களுக்கு நடுவே விழும். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் தடித்த கயிறு போகும். அதோடு ஒரு கட்டையில் எங்கே எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு மிகத் தடித்த வடம். கரையில் மணலுக்குள் மரச்சிலுவை மாதிரி ஒரு நங்கூரத்தைப் புதைத்து வடத்தை இறுக்குவார்கள். வடத்தில் ஒரு மிதவை வளையம் தொங்கும். வளையத்தில் கித்தான் துணியில் தைத்த அரைக்கால் சட்டை. ஒவ்வொருவராக அந்தச் சட்டைக்குள் காலை விட்டு உட்கார வேண்டும். கரையில் இருப்பவர்கள் இழுத்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

இத்தனையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. மணலில் ஒரு கம்பம் நட்டு அதையே கப்பலாக வைத்துப் பழகுவார்கள். கிழமைக்கு ஒரு வேலை: திங்கள் சாமான்களைச் சரிபார்ப்பது, செவ்வாய் படகு, புதன் கொடிச் சைகை, வியாழன் இந்தக் கயிற்றுப் பயிற்சி, வெள்ளி மூச்சு நின்றவருக்கு மூச்சு வரவைக்கிற பயிற்சி, சனி நிலையத்தைக் கழுவித் துடைப்பது. வருடம் முழுக்க கப்பலே தட்டாவிட்டாலும் இது நிற்காது.

ராத்திரி ரோந்தும் உண்டு. இரண்டு நிலையத்திலிருந்தும் ஆளுக்கொருவர் கரையோரமாக நடந்துவந்து நடுவில் சந்திக்க வேண்டும். சந்தித்ததற்கு அத்தாட்சியாகப் பித்தளை வில்லையை மாற்றிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் திரும்பினால் நடக்கவில்லை என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் நிலையம் இல்லாத இடத்தில், கடைசியில் ஒரு கம்பத்தில் சாவி தொங்கும். கையில் இருக்கும் கடிகாரத்தில் அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினால் நேரம் பதிவாகும். கூடுதுறையான் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்தப் பித்தளை வில்லைதான். ஆள் இருந்தால் மட்டும் போதாது, ஆள் நடந்தாரா என்று கேட்க ஒரு வழி இருந்தது.


கொடுமுடி_டீச்சர் எழுதியது:

நிலையம் இருந்தும் ஆள் இல்லாவிட்டால், ஆள் இருந்தும் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே வட கரோலினாவிலேயே சம்பவங்கள் இருக்கின்றன.

1877 நவம்பர் 24. 'ஹியூரான்' என்ற கடற்படைக் கப்பல் நாக்ஸ் ஹெட் கரையில் தட்டியது. 98 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பூட்டியிருந்தது. பணிக்காலம் டிசம்பர் 1-ஆம் தேதிதான் தொடங்கும். செலவை மிச்சம் பிடிக்க அப்படி வைத்திருந்தார்கள். புயல் ஒரு வாரம் முந்திக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து 1878 ஜனவரி கடைசியில் 'மெட்ரோபோலிஸ்' கப்பல் தட்டி இன்னும் 85 பேர். அதற்குப் பிறகுதான் பணிக்காலத்தை நீட்டினார்கள், நடுவில் புதிய நிலையங்களைக் கட்டினார்கள்.

அப்படி 1878-இல் கட்டிய நிலையங்களில் ஒன்று பீ தீவு. இதன் வரலாற்றை என் மாணவிகளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

1879 நவம்பர் கடைசியில் அந்த நிலையத்தின் பக்கத்தில் 'ஹெண்டர்சன்' என்ற கப்பல் உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். விசாரித்தால், ரோந்து ஒழுங்காக நடக்கவில்லை. வெள்ளைக்காரத் தலைவரை நீக்கினார்கள். அவர் இடத்துக்கு ரிச்சர்ட் எத்தரிட்ஜ் பெயரை விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். அவர் 1842-இல் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிரான பக்கத்தில் நின்று சண்டை போட்டவர். பக்கத்து நிலையத்தில் அப்போது ஆறாம் எண் வீரர். ஒன்று முதல் ஆறு வரை தகுதி வரிசையில் எண் கொடுப்பார்கள். கறுப்பர் என்றால் எவ்வளவு வேலை தெரிந்தாலும் கடைசி எண்தான். அந்த ஆறாம் எண்காரரை 1880 ஜனவரியில் நிலையத்தின் தலைவராக்கினார்கள். கறுப்பரின் கீழ் வேலை செய்ய வெள்ளையர்கள் வரவில்லை. சரி என்று, மற்ற நிலையங்களில் கடைசி எண்ணில் கிடந்த கறுப்பின வீரர்களைச் சேர்த்து அவர் ஒரு குழுவை அமைத்தார். அந்தத் துறையிலேயே முழுக்கக் கறுப்பினத்தவர் மட்டும் இருந்த ஒரே நிலையம் அது. அவர் பொறுப்பேற்ற சில மாதத்தில், மே மாதம், நிலையம் தீப்பிடித்து எரிந்தது. யாரோ வைத்த தீ என்றுதான் சந்தேகப்பட்டார்கள். அவர் கட்டடத்தைத் திரும்ப எழுப்பினார். பயிற்சியை இன்னும் கடுமையாக்கினார். தவறு நடந்தால் தன் ஆட்களை ஊர் எப்படிப் பேசும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

1896 அக்டோபர் 11. புயலில் கடல் கரையைத் தாண்டி ஏறிவிட்டதால் ரோந்துகூடப் போக முடியவில்லை. காவலில் இருந்த தியோடர் மீக்கின்ஸ் இருட்டில் ஒரு தீச்சுடரைப் பார்த்தார். 'இ.எஸ். நியூமன்' என்ற கப்பல், பாய் கிழிந்து, நிலையத்திலிருந்து இரண்டு மைல் தெற்கே தட்டியிருந்தது. கோவேறு கழுதைகளைப் பூட்டிச் சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் போனார்கள். போய்ப் பார்த்தால், ராலே அண்ணன் சொன்ன பீரங்கியை வைக்க உலர்ந்த மணலே இல்லை. நங்கூரத்தைப் புதைக்கவும் இடமில்லை. பழகிய வித்தை எதுவும் உதவாத இடம். எத்தரிட்ஜ் இரண்டு வீரர்களை ஒரே வடத்தில் சேர்த்துக் கட்டினார். அந்த இருவரும் கையில் இன்னொரு கயிற்றோடு கப்பலை நோக்கி நீந்தினார்கள். மற்றவர்கள் கரையில் வடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கப்பல் தலைவரின் சின்னக் குழந்தை. அடுத்து அவர் மனைவி. இருவர் களைத்தால் அடுத்த இருவர். ஒன்பது பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கப்பல் தலைவர் அப்புறம் கரையெல்லாம் தேடி, கப்பலின் பெயர்ப் பலகையைக் கண்டெடுத்து அந்தக் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அரசாங்கம் அப்போது ஒரு பதக்கமும் கொடுக்கவில்லை. எத்தரிட்ஜ் 1900-இல் பணியில் இருக்கும்போதே நோயில் இறந்தார். நிலையத்தை 1947-இல் மூடினார்கள். பதக்கம் 1996-இல் வந்தது, நூறு வருடம் கழித்து. அதற்கும் வட கரோலினாவில் ஒரு பள்ளி மாணவி உட்பட சிலர் விடாமல் கடிதம் எழுத வேண்டியிருந்தது.


தறிச்சத்தம் (பெருந்துறை) எழுதியது:

டீச்சர், இதைப் படித்துவிட்டு வேலையே ஓடவில்லை. நீங்கள் சொன்ன கடைசி எண் விஷயம் எனக்கு நம்மூரை ஞாபகப்படுத்துகிறது. எங்கள் பக்கம் எண்பது நூறு அடிக் கிணறுகள் உண்டு. யாராவது விழுந்துவிட்டால் ஊரே மேட்டில் நின்று எட்டிப் பார்க்கும். இறங்குவதற்கு யாரைக் கூப்பிட்டு விடுகிறோம்? எந்தத் தெருவுக்கு ஆள் ஓடுகிறது? எல்லோருக்கும் தெரியும். இறங்கி எடுத்துக் கொடுத்தவருக்குக் கொஞ்சம் பணமும் ஒரு குவார்ட்டரும். அதோடு சரி. அவர் பெயரை எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை.


கொடுமுடி_டீச்சர் எழுதியது:

ஆமாம் தம்பி. பரிசல்காரர்களுக்கும் அதே நிலைதான். ஆற்றில் எங்கே மடுவு, எங்கே சுழி, எந்த இடத்தில் போனால் உடல் எங்கே ஒதுங்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. போலீஸும் அவர்களைத்தான் கூப்பிடுகிறது. ஒரு அடையாள அட்டைகூடக் கிடையாது.


நொய்யல்_மேடு (திருப்பூர்) எழுதியது:

எல்லாம் நல்ல தகவல். ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சம்பளத்துக்கு ஆள் போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்வது சரியாகப் படவில்லை. முதல் பதிவில் சொன்ன பிரிட்டன் சங்கத்தைப் பாருங்கள். 200 வருடமாக முக்கால்வாசி தொண்டர்களை வைத்து, மக்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. மீன்காரர், கடைக்காரர், வாத்தியார் என்று ஊர் ஆட்கள். அழைப்பு வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நம் ஊரில் கோயில் திருவிழாவை ஊர்க்காரர்கள் எவ்வளவு கச்சிதமாக நடத்துகிறோம்? அரசாங்கக் கட்டடம் வந்தால் திறப்பு விழாவோடு பூட்டுப் போட்டுவிடுவார்கள். இளைஞர் மன்றங்களிடம் விடுவதே மேல்.


கூடுதுறையான் (பவானி) எழுதியது:

நொய்யல் அண்ணா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். ஆனால் அந்தத் தொண்டர்கள் வாராவாரம் பயிற்சி எடுக்கிறார்கள். படகின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளப் பல நிலையங்களில் முழுநேரச் சம்பள ஆள் இருக்கிறார். அப்புறம் இன்னொரு விஷயம். 1989-இல் தேம்ஸ் ஆற்றில் ஒரு உல்லாசப் படகு மோதி 51 பேர் இறந்தார்கள். அதன் விசாரணைகளுக்குப் பிறகு, 2002-இல் அதே சங்கம் தேம்ஸ் ஆற்றில் நிலையங்கள் தொடங்கியது. லண்டன் நடுவில் இருக்கும் நிலையத்தில் தொண்டர்கள் வீட்டிலிருந்து ஓடிவரும் ஏற்பாடு போதாது என்று, இரவு பகலாக ஆட்கள் நிலையத்திலேயே இருக்கிறார்கள். ஆற்றில் விழுந்தவருக்கு அவகாசம் அவ்வளவு குறைவு. அந்தச் சங்கத்தின் எல்லாக் கடலோர நிலையங்களையும் விட அதிக அழைப்பு வருவது அந்த ஆற்று நிலையத்துக்குத்தான்.


சீருடை_கழற்றியவன் (கோபி) எழுதியது:

தீயணைப்பு மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அவகாசம் என்று ஒரு பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

தண்ணீருக்குள் போனவருக்கு மூச்சு நின்று நான்கிலிருந்து ஆறு நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். தகவல் வந்து, வண்டி எடுத்து, கொடிவேரிக்கோ ஆற்றங்கரையில் ஒரு தோட்டத்துக்கோ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும், போனபின் செய்வது பெரும்பாலும் தேடுதல்தான். கரையில் அம்மாவும் அப்பாவும் நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

நம் ஆறு பார்க்க அமைதியாக இருக்கும், அதுதான் ஆபத்து. மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் மின்சாரத்துக்காகக் கதவணைகள் வரிசையாக இருக்கின்றன: செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று. கதவணைக்கு மேலே தண்ணீர் குளம் மாதிரித் தேங்கி நிற்கும். இடுப்பளவு என்று நினைத்து இறங்குவார்கள், அடுத்த அடியில் ஆள் முழுகும். கீழே தண்ணீர் திறக்கும்போது பத்து நிமிடம் முன்னால் நடந்து கடந்த பாறைக்குத் திரும்பி வர முடியாது. மணல் அள்ளிய குழிகள் வேறு. கொடிவேரியில் அணைக்கட்டு மேலிருந்து தண்ணீர் விழுகிற இடத்துக்கு அடியில் ஒரு சுருட்டல் இருக்கும். உள்ளே போனவரைத் திரும்பத் திரும்ப அங்கேயே சுற்றவைக்கும். நல்ல நீச்சக்காரரும் மாட்டுவார்.

இன்னொன்று. இறப்பது ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பேர். முதலில் ஒரு பையன் வழுக்குவான். அண்ணன் குதிப்பான். அவனைப் பிடிக்கச் சித்தப்பா குதிப்பார். பயத்தில் தத்தளிப்பவன் கையில் சிக்கியதைக் கட்டிப்பிடித்துக் கீழே அழுத்துவான். டீச்சர் சொன்ன பீ தீவுக்காரர்கள் இருவரைச் சேர்த்துக் கட்டி, கரையிலும் பிடித்துக்கொண்டு இறக்கினார்களே, அதுதான் தொழில் தெரிந்தவர்கள் செய்கிற வேலை. கயிறு இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் பதினாறு வருடப் பயிற்சி இருக்கிறது.

ஆடி 18-க்குக் கூடுதுறையில் எங்கள் ஆட்கள், போலீஸ், பரிசல்காரர்கள் எல்லோரும் நிற்பார்கள். தடுப்புக் கம்பு, ஒலிபெருக்கி, மிதவை எல்லாம் இருக்கும். லட்சக்கணக்கில் கூட்டம் வந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம். சாவு வருவது சாதாரண ஞாயிற்றுக்கிழமையில். யாரும் நிற்காத துறையில், வெளியூரிலிருந்து வேனில் வந்த குடும்பத்துக்கு. 'ஹியூரான்' கப்பல் டிசம்பர் 1-க்கு ஒரு வாரம் முந்தி வந்தது என்று படித்தபோது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன.


ஏற்காடு_அடிவாரம் (சேலம்) எழுதியது:

ஐயா எழுதியதற்கு நன்றி. ஒரு சின்னச் சேர்க்கை. தொலைதூரத்து எடுத்துக்காட்டுகளாகவே வருகின்றன. நம் மெட்ராஸிலும் ஒன்று உண்டு. துறைமுகம் கட்டும் முன்னால் கப்பல்கள் கரைக்கு வர முடியாது, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களை மசூலாப் படகில் ஏற்றி அலையைக் கடந்து கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். கவிழ்ந்தால் காப்பாற்றக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். அலை மோசமாக இருந்தால் கரையில் கொடி ஏற்றி யாரும் கடக்கக்கூடாது என்று அறிவிப்பார்கள். வெள்ளைக்காரர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குக் கம்பெனி பதக்கம் கொடுத்ததும் உண்டு. கொடி, கூடவே ஆள், பதக்கம். மூன்றும் 1848-க்கு முன்பே நம் கரையில் இருந்திருக்கிறது.


ராலே_ஈரோடு எழுதியது:

அருமைங்க. கோபி ஐயா கொடிவேரியைப் பற்றிச் சொன்னதும் நான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தது ஞாபகம் வந்தது. கிம்பலின் துறை கடலுக்கு மட்டும் இல்லை. கடலிலிருந்து பல நூறு மைல் உள்ளே, கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆற்றின் கரையில் லூயிவில் என்ற ஊர். அங்கே ஆறு பாறைகளில் இறங்கி ஓடும்; குறுக்கே ஒரு அணையும் கட்டியிருந்தார்கள். படகுகளை நீரோட்டம் அணைக்கு மேலாக இழுத்துக்கொண்டு போய்விடும். 1881-இல் அங்கே ஒரு நிலையம் தொடங்கினார்கள். வெள்ளம் ஏறினால் கட்டடம் மூழ்கும் என்பதால் நிலையத்தையே மிதக்கவிட்டார்கள். மேலே காவல் கோபுரம். யாராவது அணையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால், பார்த்த உடனே கீழே தயாராக நிற்கும் படகை எடுத்துக்கொண்டு பாய வேண்டும். 1883, 1884 வெள்ளங்களில் ஊருக்குள் வீடு வீடாகப் போய் ஆட்களை மீட்டதும் அவர்கள்தான். இரண்டாவது மாடியில் ஜன்னல் வழியாக ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். 1920-களின் கடைசியில் கட்டிய மிதக்கும் நிலையம் இன்றும் அதே ஊரில், அதே ஆற்றில் நிற்கிறது.

அணையும் பாறையும் சுருட்டலும் இருக்கிற ஆற்றில், கடலே பார்க்காத ஊரில், 1881-இலேயே செய்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.


நொய்யல்_மேடு (திருப்பூர்) எழுதியது:

இது எனக்குப் புதிது. மிதக்கும் நிலையம் நம் ஆற்றுக்குச் செலவு அதிகம். ஆனால் கொடிவேரி மாதிரி இடத்தில் சுற்றுலாவுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குகிறோம், பார்க்கிங் காசு வாங்குகிறோம். அந்தக் காசில் இரண்டு பரிசல்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, நாள் முழுக்கத் தண்ணீர் ஓரமாக நிற்க வைக்க முடியாதா? இளைஞர் மன்றம் கூட நிற்கட்டும். கோபி ஐயா மாதிரி ஒருவர் பயிற்சி கொடுக்கட்டும். இப்படி என்றால் எனக்குச் சம்மதம்.


கூடுதுறையான் (பவானி) எழுதியது:

இதைத்தான் அண்ணா நானும் எதிர்பார்த்தேன். 1871-லிருந்து 1915 வரை அந்தத் துறை கையாண்ட விபத்துகளில் சிக்கியவர்கள் சுமார் 1,78,000 பேர். அதில் இறந்தவர்கள் 1,455 பேர்தான். கணக்கே பேசுகிறது. ஆனால் அந்த வீரர்களுக்கு 1915 வரைக்கும் ஓய்வூதியம் கிடையாது. வயதானாலும் படகைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நாம் கேட்பதென்றால் பரிசல்காரருக்குச் சம்பளம், காப்பீடு, அடையாள அட்டை மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆடிக்கு முன்னால் எங்கள் பக்கத்துத் துறைகளுக்கு ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். கோபி ஐயா, கரையில் குறைந்தபட்சம் என்னென்ன வைக்கச் சொல்லலாம்?


சீருடை_கழற்றியவன் (கோபி) எழுதியது:

எழுதிக்கொள்ளுங்க தம்பி. முதலில் ஆள். இரண்டு பேர், காலை ஆறிலிருந்து இருட்டும் வரை, முறை வைத்து. அவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. ராலே தம்பி சொன்ன பித்தளை வில்லைக்குப் பதிலாக அது இருக்கட்டும்.

அடுத்து மிதவை வளையம் இரண்டு, பெட்டிக்குள் பூட்டாமல் கம்பத்தில் மாட்டியே இருக்க வேண்டும். திருடு போகும் என்பார்கள். போனால் மறுபடி வாங்கி மாட்டட்டும். கயிறு எண்பது அடி, விரல் கனத்தில். நைலான் வேண்டாம், தண்ணீரில் அமிழ்ந்துவிடும். பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும், கடையில் அப்படிக் கேட்டே வாங்குங்கள். வளையம் கைக்கு எட்டாவிட்டால் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் காலியாக இருந்தால் போதும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிற்றைக் கட்டி எறியலாம். அந்தத் தண்ணீரின் கனம் இருந்தால்தான் காற்றில் திரும்பாமல் நேராகப் போகும். எறியும்போது ஆளின் தலைக்கு மேலே, அவருக்கு அந்தப்பக்கம் விழுகிற மாதிரி எறிந்து, ஓட்டத்தோடு இழுத்து அவர் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆழம் காட்டும் கம்பம் ஒன்று, சிவப்பு அடித்து. கதவணை திறக்கும்போது சங்கு ஊதினால் துறை வரைக்கும் கேட்கிறதா என்று ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். கேட்காத துறைகளைத் தனியாக மனுவில் எழுதுங்கள். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் பயிற்சியை நானே வந்து சொல்லித் தருகிறேன். பரிசல்காரர்கள், டீ கடைக்காரர், துறையில் பூ விற்கிற அம்மாக்கள், யார் வந்தாலும் சரி. அழுத்துவதற்குப் பழக ஒரு பொம்மை வேண்டும், அதற்கு நான் சொல்லி வைக்கிறேன்.


கொடுமுடி_டீச்சர் எழுதியது:

எங்கள் துறையையும் மனுவில் சேர்த்துவிடுங்கள். பள்ளி மைதானத்தில் சனிக்கிழமை பயிற்சி வைக்கத் தலைமை ஆசிரியரிடம் நான் பேசுகிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளும் வருவார்கள் ஐயா, கயிறு எறிவதை அவர்களுக்கும் காட்டுங்கள்.


தறிச்சத்தம் (பெருந்துறை) எழுதியது:

கயிறு என் பொறுப்பு. எத்தனை துறை என்று சொல்லுங்கள், வாங்கி வைக்கிறேன்.